மூன்றாவது சங்கு

சென்ற மாதம் ஓர் இளம் டாக்டர் என் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். என் மகளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக அச்சிட்டதாம். அவர்கள் குறைக்கு ‘ஆட்டிசம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நல்ல காகிதம், பெரிய எழுத்து. படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷம் பிந்தி வந்து நிற்கிறாயே என்று ஒரு புத்தகத்தைப் பார்த்துத் திட்டிய கிழவி, தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

யுத்த காலத்தில் நான் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிவிடுவேன். என் ஒரே மகள் ஏழு வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். பயிற்சிப் பள்ளியில் நான் படித்த புத்தகத்தில் ‘பிடிவாதக் குழந்தை’ என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. அது மனப்பாடமானதுதான் மிச்சம். சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, “ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுக்கா, சொந்தப் பிள்ளை வாயத் தொறக்க மாட்டேங்கு” என்று அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது. அதன்பிறகு நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அவள் பேசத்தான் வேண்டும் என்றுகூட எனக்கு இல்லை. நான் சொல்வது அவளுக்குள் போய்ச் சேருகிறதா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு பழைய வருகைப்பதிவேட்டில் மிஞ்சிய பக்கங்களில் அவளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். சோற்றில் குழம்பு பட்டால் தொடமாட்டாள். புதுப் பாவாடை என்றால் அழுகை, துவைத்துத் துவைத்துப் பழசானது என்றால் சமாதானம். எனக்கு இருந்த பாடப்புத்தகம் அதுதான். அதையும் நானேதான் எழுத வேண்டியிருந்தது.

என் கணவர் சங்கு குடோனில் குமாஸ்தா. கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்குகளை வட்டத் துளை போட்ட ஒரு பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். துளை வழியே விழுந்துவிட்டால் அது குஞ்சுச் சங்கு. திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். கழித்துப்போட்ட பலகை ஒன்றையும், வழியிலேயே செத்துப்போன சில குஞ்சுச் சங்குகளையும் ஒருநாள் கொண்டுவந்தார்.

“ஏளா, அங்கன கிடந்தா கரையான்தான் திங்கும். பிள்ளைக்கு இருக்கட்டும்.”

பலகையை ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்தோம். அவள் ஒரு சங்கை எடுத்துத் துளையில் விட்டாள். உள்ளே டொக்கென்று விழுந்தது. அன்று முழுக்க அவள் அழவில்லை.

எங்கள் வீடுகளில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பாட்டு முடிந்து ஆளுக்கொரு வேதவசனம் சொல்ல வேண்டும். பேச்சு வந்த எந்தப் பிள்ளைக்கும் விலக்கில்லை. அவர் சொல்வார், நான் சொல்வேன், அவ்வளவுதான். அவள் மூலையில் பலகையோடு இருப்பாள். இடையிடையே டொக் டொக்கென்று கேட்கும். அதையும் பதிவேட்டில் குறித்து வைத்தேன்: ‘இன்று சங்கு மூன்று.’

ஒருநாள் போதகரும் அவர் மனைவியும் ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். போதகர் வசனம் சொல்லி முடித்ததும் டொக்கென்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“டீச்சர், ஜெப நேரத்துல இது என்ன வெளயாட்டு? எடுத்து வையுங்க.”

எனக்கு மானம் போனது போலிருந்தது. பலகையைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். அவள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு கத்தினாள். அன்றிலிருந்து ஜெபத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, என் கணவர் தருவைகுளம் சங்குக்குளி முகாமுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று, மூன்று, மூன்று என்று போனது. நடுவில் சில நாட்கள் மட்டும் இரண்டு. அந்த நாட்களிலெல்லாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ‘அவர் தருவைகுளத்தில்.’

அவர் வசனத்துக்கு ஒன்று. என் வசனத்துக்கு ஒன்று. எங்கள் குரல்களைவிட எப்போதும் ஒன்று கூடுதல். தன் முறை வந்தபோது அவள் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் அதை நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கிறேன், ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை. ஊர் நோட்டுகளையெல்லாம் திருத்துகிறவள் நான். பதிவேட்டின் மேல் கவிழ்ந்து அழுதேன்.

உடனே பலகையை இறக்கித் துடைத்து வைத்தேன். அவள் தொடவில்லை. அவர் வந்ததும் பதிவேட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாம எவ்வளவு பெரிய பாவிக” என்றார். மாதங்கள் போயின. ஒரு மாலை அவர் வசனம் சொல்லி முடித்ததும் டொக்கென்று கேட்டது. நான் என்னுடையதைச் சொன்னேன். இன்னொன்று விழுந்தது. இருவரும் மூன்றாவதற்குக் காத்திருந்தோம். அவள் மீதிச் சங்குகளை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். எங்களுக்குப் போட்டாள்; தனக்குப் போடவில்லை.

டாக்டர் தந்த புத்தகத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

என் கணவர் போய்ப் பல வருஷமாகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விளக்கு வைத்ததும் நான் வசனம் சொல்கிறேன். எனக்காக ஒரு சங்கு விழுகிறது. அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பிறகுதான் ஆமென் சொல்கிறேன்.