வால்தம்ஸ்டோவில் வேர்விட்ட மாத்தே

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. முப்பது யூரோ வாங்கிய பாரிஸ் பேருந்து என்னை லண்டன் விக்டோரியாவில் இறக்கிவிட்டது. உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருந்தது. அங்கிருந்து பாதாள ரயில். அதன் கடைசி நிலையம் வால்தம்ஸ்டோ.

சிவநேசன் அண்ணன் வாசலில் நின்றார். பாரிசில் என்னோடு பாத்திரம் கழுவியவர். இப்போது இங்கே வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் பொருத்துகிறார். பக்கத்து வீட்டு எலேனா அன்று குரோய்டனில் ஒரு நாலாம் மாடிக்குக் குடிபோகிறார். சாமான் தூக்கத்தான் அண்ணன் என்னை அழைத்திருந்தார்.

"பெட்டியள் பிறகு. முதல்லை இதைப் பார்," என்று வீட்டுப் பின்வளவுக்கு இழுத்துப் போனார்.

வேலிக்கு அப்பால், எலேனாவின் கண்ணாடி அறையில் முழங்கால் உயர அடிமரம் ஒன்று தெரிந்தது. யெர்பா மாத்தே. எலேனாவின் நாடான அர்ஜென்டினாவில் இதன் இலையை வெந்நீரில் ஊறவைத்து, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார்கள். அவருடைய இறந்துபோன கணவர் வைத்த மரம். வீடு விற்றாயிற்று, வாங்கியவர் கண்ணாடி அறையை இடிக்கப்போகிறார். பெயர்த்தால் மரம் பிழைக்காது. அதிலிருந்து ஒரு கன்றாவது வேண்டும் எலேனாவுக்கு.

"முதல்லை நான் மொக்கு வேலை பாத்தனான். வேலிக்கு நடுற கிளுவைக் கதியால் மாதிரி தடிச்ச கொப்பா வெட்டித் தாட்டன். ஒண்டும் வரேல்லை."

"வேலி போட்டியாண்ணே?"

"சிரி, சிரி."

மாத்தேயின் முற்றிய கிளை லேசில் வேர் விடாதாம். மரத்தையே வெட்டி, அடியில் துளிர்க்கும் இளங்குச்சியை நட வேண்டும். அதற்குள் எலேனா வந்துவிட்டார். கையில் ஒரு காலித் தொட்டி.

"வெட்டச் சொன்ன பிறகு ஒரு வாரம் இவரோடு நான் பேசவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "அப்புறம் ரம்பத்தை நானே கொடுத்தேன்."

அண்ணனின் கண்ணாடிக் கொட்டிலில் மணல் தட்டு. அடியில் வெதுவெதுப்பான குழாய், மேலே பனிபோல் நீர் தூவும் சின்னக் குழல். ஜூனில் நட்ட குச்சிகள், பாதியாக வெட்டிய இலைகளோடு. பெரும்பாலானவை கறுத்துவிட்டன. மூன்று மட்டும் பச்சை.

"பச்சையெண்டாப்போலை வேர் வந்திட்டுது எண்டில்லை. அவவே இழுத்துப் பாக்கட்டும். என்ரை கை குழாய் முறுக்கிற கை," என்றார் அண்ணன் என்னிடம்.

எலேனா முதல் குச்சியை மெல்ல இழுத்தார். தீக்குச்சிபோல் வழுவழுவென்று வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அசைந்தது, நின்றது. என் விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

இழுத்தேன். மணலுக்குள்ளிருந்து ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண்கூட இல்லாத குச்சி. மலைகளையும் கடல்களையும் பார்த்திருக்கிறேன்; எதுவும் என் கையை இப்படித் திருப்பி இழுத்ததில்லை.

எலேனா தொட்டியை நீட்டினார். அண்ணன் தலையாட்டி மறுத்தார். இப்போது கிளப்பினால் வேர் அறும், வசந்தம்வரை இங்கேயே இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எலேனா தொட்டியைத் தட்டின் அருகில் வைத்தார். "ஞாயிறுதோறும் வருவேன்."

"இனி எங்கடை கோழிக்கறிக்கு ஒரு ஆள் கூட," என்றார் அண்ணன் என்னிடம்.

மாலையில் வேன் புறப்பட்டது. குரோய்டனுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எலேனா வெறும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். எடுத்துப்போக முடியாதது என்று எங்கும் எனக்கு ஒன்று இருந்ததில்லை. அன்றுவரை அதை வசதி என்றே நினைத்திருந்தேன்.