ஒரே கிணற்றுத் தோப்புகள்

யாஃபாவுக்குக் கிழக்கே ஆரஞ்சுத் தோப்புகளில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் நின்றுபோனால் என் மாமனார் ஷுக்ரியைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அரபியரான அபு ஃபயாதின் தோப்புக்கும் யூதப் பெண் ஸில்பாவின் தோப்புக்கும் ஒரே கிணறு, ஒரே இன்ஜின்.

1947 கோடையில், நாட்டை என்ன செய்வது என்று விசாரிக்க வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. அரபு நாடு, யூத நாடு என்ற பிரிவினைப் பேச்சு கிணற்றடிக்கும் வந்துவிட்டது.

"கிணறு எங்க நாட்டுலதான் வரும்," என்றார் அபு ஃபயாத்.

"கனவு காணுங்க. இன்ஜின் வாங்கினது என் புருஷன்," என்றாள் ஸில்பா.

இன்ஜின் அறைக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒன்பது நாள் தண்ணீர் பாயவில்லை, இலைகள் சுருண்டன.

பத்தாம் நாள் மாமா இரண்டு பூட்டையும் உடைத்தார். இன்ஜினின் பெல்ட்டைக் கழற்றி ஸில்பாவிடமும், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை அபு ஃபயாதிடமும் கொடுத்தார்.

"இனி ரெண்டு பேரும் வந்தாத்தான் தண்ணி."

"நீ யார் பக்கம்டா?" என்று கத்தினார் அபு ஃபயாத்.

"முதல்ல காயுற மரத்தைப் பாருங்கண்ணே!"

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வாரம் போனதும் ஸில்பா வாயைத் திறந்தாள்.

"என்ன இவ்வளவு லேட்டு?"

"காப்பி போட்டுட்டு வந்தேன். உனக்கும் சேர்த்துத்தான், திட்டாதம்மா."

மறுவருடம் போர் வந்து எங்களைத் திசைக்கொருவராக விரட்டியது. ஆனால் அந்த 1947 கோடையில் ஒரு மரம்கூடக் கருகவில்லை. பருவத்தின் முதல் பழங்கள், இரு தோப்பினுடையவையும், ஒரே லாரியில் துறைமுகம் போயின. சேர்ந்து வாழ முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.