நீட்டிய கை

முனவராவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் இரண்டு பொட்டலமாகத் திரும்பி வரும். ஒன்றில் பிளவுஸ். இன்னொன்றில் வெட்டி மீந்த துணி, கையகலத் துண்டு வரைக்கும். மற்ற தையல்காரர்கள் வாயே திறக்காமல் வைத்துக்கொள்கிற சமாச்சாரம் இது.

"இந்தத் துண்டை வச்சு நான் என்னடி பண்றது? பொம்மைக்குப் பாவாடை தைக்கவா?" என்று கேட்டால், "உங்க துணிதானேக்கா. என் வூட்டுல எதுக்குக் கெடக்கணும்?" என்பாள். மேலே பேச இடம் தரமாட்டாள்.

எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பிடிவாதம் நீளம். இரண்டையும் வைத்துக்கொண்டு பதினாறாம் பிளாக்கில் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டோம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் குறிஞ்சிப்பாடி. அவள் வீட்டுக்காரர் சுல்தான் நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரீஷியன், என் வீட்டுக்காரர் ராஜேந்திரனோடு ஒரே ஷிப்டு. அவளுடைய ஒரே மகன் அஷ்ஃபாக்கும் என் மகன் மதிவாணனும் யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று கணக்கே இல்லாமல் வளர்ந்தவர்கள்.

அஷ்ஃபாக் டிப்ளமா முடித்துவிட்டு கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். கேம், கேம், எந்நேரமும் கேம். போன மழைக்காலத்தில் வடக்குத்துப் பக்கம் பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகை தொடங்குமுன் சுல்தான் வரிசைகளைப் பார்த்து நின்று, "எம் மவன் யாருக்காச்சும் எதுனா தரவேண்டியிருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க. யார் மனசாச்சும் நோக நடந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க" என்று கேட்டாராம். அது அவர்கள் வழக்கம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அந்தப் பிள்ளை யாரிடமும் பேனா கூடக் கடன் வாங்காது. வீட்டிலிருந்த முனவராவிடம் இதை வந்து சொன்னபோது, அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீட்டைத் துடைக்கும்போதுதான் அது நடந்தது. அவன் மேசையில் தூசி தட்டியவள் கை மவுஸில் பட்டிருக்கிறது. இருண்டு கிடந்த மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. அவன் கம்ப்யூட்டரை அணைக்காமலே கிளம்பிப் போயிருக்கிறான். எங்கள் டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம் என்பதால் அது அப்படியே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் ஒரு ஏரிக்கரை. கரையில் ஒரு சின்ன வீடு. வாசலில், அவன் வழக்கமாகப் போடும் ஊதாச் சட்டையோடு ஒருவன் முதுகு காட்டி நின்றான். தலைக்கு மேல் அஷ்ஃபாக் என்று பெயர்.

முனவரா துடைக்கிற துணியோடு அப்படியே நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த உருவம் மெதுவாகத் திரும்பி, அவனைப் போலவே கண்ணாடியும் மெல்லிய தாடியுமாக, நேராக அவளைப் பார்த்து, வலது கையை நீட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் நான் கரண்டியோடு ஓடினேன்.

"கூப்பிடுறான்க்கா. வாம்மான்னு கூப்பிடுறான்."

"அடியே, அது பொம்மைடி" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்தக் கை என் பக்கமும்தான் நீண்டிருந்தது.

அன்றிலிருந்து முனவரா உயிரோடு இருந்தது அந்தக் கைக்காகத்தான். எந்த பட்டன் எதற்கு என்று தானே அமுக்கி அமுக்கிக் கற்றுக்கொண்டாள். அவனை நடக்க வைத்து வீட்டுக்குள் போனாள். உள்ளே மூன்று அறை. ஒன்றில் தையல் மிஷின், பக்கத்தில் தொழுகைப் பாய். மகன் அம்மாவுக்கென்று கட்டிய அறை என்று தெரிந்ததும் அங்கேயே மேசையில் தலை வைத்துக் கிடந்தாள். அதன் பிறகு தினமும் சமையல் முடித்து, யூனிபார்ம் தையலைப் பாதியில் போட்டுவிட்டு, அவன் நட்ட செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். கடைசியில் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எதையும் தொடாமல் விட்டால்தான் அவன் திரும்புவான். திரும்பிக் கையை நீட்டுவான். இவளும் நீட்டுவாள்.

சுல்தான் அந்த அறைக்குள் கால் வைப்பதே இல்லை. ஷிப்டு முடிந்து வந்து முன்னறையில் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பக்கத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை. பயம் என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவள் மெயின் பஜாருக்கு நூல் வாங்கப் போயிருந்தபோது, அடுப்பை அணைத்தேனா பார் என்று போன் செய்தாள். பட்டப்பகல். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அறைக் கதவு திறந்திருந்தது. திரையில் அவன் ஏரியைப் பார்த்து நின்றான். போய்விடலாம் என்று நினைக்கும்போதே திரும்பினான். யாருமில்லாத அந்த வீட்டில், அஷ்ஃபாக் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தேன். ராஜேந்திரன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவரைப் போய் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு மதிவாணன் சென்னையிலிருந்து வந்தான். அங்கே கம்ப்யூட்டர் வேலை. முனவரா அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் திரை முன்னால் உட்கார வைத்தாள். "பாருடா, உன் கூட்டாளி வருவான்" என்றாள். திரையிலிருந்தவன் திரும்பிக் கை நீட்டியதும் என் பிள்ளை, கூறு கெட்ட பிள்ளை, சிரித்துவிட்டான்.

"இன்னும் கேட்டுட்டே இருக்கானா இவன்!"

"என்னத்தடா கேக்குறான்?"

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மழுப்பப் பார்த்தான். முனவரா விடவில்லை.

"ஆன்ட்டி, இது கிராக் காப்பி. காசு கொடுக்காம இறக்கினது. இந்த கேமைச் செஞ்சது எங்கேயோ வெளிநாட்டுல ஒத்தை ஆளு, ஒரு பொம்பளை. திருட்டுக் காப்பியா இருந்தா அந்த ஆளு இப்படித் திரும்பிக் கையை நீட்டும். காசு கொடுங்கன்னு அர்த்தம். அவங்க வச்ச ஒரு வேடிக்கை. காசு கொடுத்து வாங்கினதுல இது வராது."

முனவரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருடிட்டானா எம்புள்ள?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. எல்லாரும் பண்றதுதான். முதல்ல ஆடிப் பார்க்கிறது, பிடிச்சா வாங்குறது. பார்க்காம எப்படி வாங்குறது? அவன் ரூலே அதுதான். பிடிக்காததை அன்னைக்கே அழிச்சிடுவான். இதை மட்டும், பர்மனென்ட் ஆனதும் முதல் சம்பளத்துல வாங்கிடுறேன்டானு சொல்லிட்டே இருந்தான். அந்தக் கையைப் பார்த்து, இரு இரு தர்றேன்னு பேசுவான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "துணிக்கடையில புடவையைத் தோள்ல போட்டுக் கண்ணாடியில பார்த்தா அது பார்க்கிறது. கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கே போயிட்டு வந்துட்டு, இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்னா அதுக்கு என்னடா பேரு? இவன் மூணு ரூம் வீடே கட்டிக் குடி போயிருக்கான்" என்றேன். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறேன் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்து என்ன பயன்.

முனவரா என்மேல் கோபப்படவில்லை. "அன்னிக்கு இவன் அத்தா எல்லார்கிட்டயும் கேட்டாங்களேக்கா. அந்தக் கூட்டத்துல அந்தப் பொம்பள இல்லையே" என்றாள்.

முன்னறையில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. மகன் போனபின் முதல்முறையாக சுல்தான் அந்த அறை வாசலுக்கு வந்தார். "இப்பவே காசைக் கட்டிடு தம்பி. நான் ஜமாஅத்துக்கு முன்னாடி வாக்கு குடுத்தவன்" என்றார்.

"கட்டினா?" என்றாள் முனவரா, மதிவாணனிடம்.

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. ரெண்டு பிளவுஸ் தைக்கிற கூலி கூட இல்ல. வீடு, செடி, எல்லாத்தையும் அப்படியே புதுக் காப்பிக்கு மாத்திடலாம்." அவன் குரல் இறங்கியது. "ஆனா திரும்ப மாட்டான். ஏரியைப் பார்த்துத்தான் நிப்பான்."

"அப்ப வேணாம்" என்றாள் முனவரா.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. கையகலத் துணியைத் திருப்பிக் கொடுக்கிறவள்.

சுல்தான் அவளையே பார்த்தார். "அவன் கபுருல, மண்ணுக்குள்ள இருக்கான் முனவரா. இங்க இல்ல."

"இங்கதான் என்னப் பார்க்குறான்."

அவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நானும் அந்த நேரம் அவள் பக்கம்தான். போகட்டும், யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரிக்கு இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது, இவளுக்கு இருப்பதே இது ஒன்றுதான் என்று மதிவாணனிடம் சண்டை போட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன் புடவை நியாயம் பேசிய அதே வாய்தான். துக்கம் பக்கத்து வீட்டில் இருக்கும்போது நியாயம் பேசுவது சுலபமில்லை.

ஆனால் தெரிந்துகொண்டதைத் தெரியாமல் ஆக்க முடியுமா? மறுநாள் அவள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். அவன் திரும்பினான். கையை நீட்டினான். இவள் கை மடியிலிருந்து எழவே இல்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் மானிட்டர்மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். தைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மிஷினை நிறுத்தி, "அக்கா, துணிக்குப் பின்னாலயும் நீட்டிகினுதான் இருப்பான், இல்ல?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். அந்த மெல்லிய துணிக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

மதிவாணன் ஊருக்குக் கிளம்பும் நாளில் மத்தியானம் சுவரைத் தட்டினாள். நாங்கள் போனபோது சுல்தானும் அந்த அறைக்குள்ளேயே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முனவராவின் கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் கெட்டியாக இருந்தது.

"கட்டிடுப்பா."

"யோசிச்சுட்டீங்களா ஆன்ட்டி?"

"எம்புள்ள யார் முன்னாடியும் கை நீட்டினவன் இல்ல. எனக்கு அவன் மொகம் தெரியணும்னு அவனை இப்படி நிக்க வச்சிருக்கேனே. எந்தத் தாயாச்சும் பண்ணுவாளா?"

தையல் காசிலிருந்துதான் கட்ட வேண்டும் என்றாள். சுல்தான் மறுக்கவில்லை. அவள் போனிலேயே மதிவாணன் கட்டினான். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டான். அவள் சரியென்று தலையசைத்தாள். அவன் பட்டனை அமுக்கியபோது சுவரைப் பார்த்துக்கொண்டாள். பிறகு புதியதைத் திறந்தான். அதே ஏரி, அதே வீடு. உள்ளே தையல் மிஷின் இருந்தது, பாய் இருந்தது. அஷ்ஃபாக் வாசலில் நின்றான், ஊதாச் சட்டையில்.

முனவரா நாற்காலியில் உட்கார்ந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். அவனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் நின்றவன், எங்களுக்கு முதுகு காட்டியபடியே கரையில் உட்கார்ந்தான். ஏரியைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டான். வேலை முடிந்து வந்தவன் உட்காரும் விதம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சுல்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

மதிவாணனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் முனவராவின் தோளைத் தொட்டு, "வா, எங்க வீட்டுல ஒரு வாய் டீ குடி" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கக்கா. சில நேரம் லேட்டாத்தான் திரும்புவான்."

மதிவாணன் என்னைப் பார்த்தான். நீ கிளம்பு என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.