மாமு என்ற சொல்லுக்காகத் தள்ளிவைத்த டெண்டர்

1

டெண்டர் திறக்கிற நாளில் கிளார்க்குக்கு வாய் இருக்கக் கூடாது. அரக்கு முத்திரை உடையவில்லை என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும், கவரைக் கிழிக்க வேண்டும், ரேட்டை உரக்க வாசிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் வம்பு. ராயபுரத்தில், ஆஸ்பத்திரிச் சாமான் வாங்கும் அரசாங்க டிப்போவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹெட்கிளார்க் முதலில் சொன்னது இதுதான். நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தவன் ஏழுமலை.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. டிரெஸ்ஸிங் டிரம் என்று ஒரு சாமான் உண்டு. ஆபரேஷனுக்கு வேண்டிய பஞ்சையும் துணியையும் உள்ளே வைத்து, நீராவியில் கிருமி போக்குகிற வட்டப் பெட்டி. அதுவரை சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் உள்ளூர்ப் பட்டறைக்காரர்களும் டெண்டர் போடலாம் என்றார்கள். ஏழுமலைக்குத் திருவொற்றியூரில் சின்னப் பட்டறை. யுத்தம் முடிந்து மிலிட்டரி ஆர்டர் நின்றதும் பாதி ஆட்களை அனுப்பிவிட்டான். இதுவும் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

வந்த கவர்களில் அவன் ரேட்டுதான் குறைச்சல். நான் வாசித்து முடித்ததும் பின்னால் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"மாமு, நம்ப ரேட்டுதானே கம்மி? இன்னொரு தபா படி மாமு."

யானைக்கவுனியில் சீமைச் சாமான் இறக்குமதி செய்யும் கம்பெனியின் ஏஜென்ட் உடனே எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினார்.

"சார், டெண்டர் போடறவங்களுக்கு டிப்போவில சொந்தக்காரங்க இருக்கக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு. இவர் கிளார்க்கை மாமான்னு கூப்பிடறார். உங்க காதிலேயும் விழுந்திருக்கும்."

மெட்ராசில் பிறந்து வளர்ந்த ஆசாமி. மாமு என்றால் சிநேகமாகக் கூப்பிடுவது, உறவு ஒன்றுமில்லை என்று அவருக்கா தெரியாது? நன்றாகத் தெரியும். தெரியாதவர் எங்கள் ஆபீசர். திருநெல்வேலிக்காரர், வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. கறாரான மனிதர், கை சுத்தம்.

"எங்க ஊர்ல மாமான்னா அம்மாகூடப் பொறந்தவன், இல்லன்னா பொண்ணு குடுத்தவன். வழியில போறவனை எவனும் அப்படிக் கூப்பிட மாட்டான்" என்றார். ஏழுமலையின் கவரை எடுத்துத் தனியே வைத்தார். விசாரணை முடிகிறவரை அவன் டெண்டர் கணக்கில் இல்லை.

2

அந்த வாரம் ஆபீசில் என்னிடம் ஒருவரும் பேசவில்லை. கூட டிபன் சாப்பிடுகிறவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விசாரணையில் இருக்கிறவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

நான் ரங்கூனில் பிறந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அப்பா, அம்மா, தங்கையோடு காட்டு வழியாக நடந்து கிளம்பினேன். ஊர் வந்து சேர்ந்தது நான் மட்டும். தண்டையார்ப்பேட்டையில் ஒரு அறை. கல்யாணம் செய்து வைக்க ஆளில்லை, நானும் தேடவில்லை. சாம்பிள் விஷயமாகப் பழக்கமான ஏழுமலை, "தனியாவா கீறே? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடு மாமு" என்றான். போனேன். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவன் மனைவி கன்னியம்மா மீன் குழம்பு வைப்பாள். பிள்ளைகள் என் முதுகில் ஏறும். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் மிகையில்லை.

விசாரணை முடிகிறவரை அங்கே போகக் கூடாது என்று நானே தீர்மானித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அறையிலேயே படுத்துக் கிடந்தேன். பசி எடுக்கவில்லை.

3

விசாரணைக்கு ஆபீசர் என்னையும் ஏழுமலையையும் ஏஜென்டையும் கூப்பிட்டார். மாமு என்பது இங்கே எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுவதுதான் என்றேன். அவர் நம்பவில்லை. பியூன் முனுசாமியை உள்ளே அழைத்தார்.

"டீக்கடைக்காரனை நீ எப்படிய்யா கூப்பிடுவ?"

"மாமுன்னுதான் சார்."

"அவன் உன்னை?"

"அவனும் மாமுன்னுதான் சார்."

"ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் மாமனா? என்ன ஊருய்யா இது?" ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் உயிர் வந்தது.

ஏஜென்ட் அசரவில்லை. "கூப்பிடறதை விடுங்க சார். இவர் ஞாயித்துக்கிழமை தவறாம அவர் வீட்டில சாப்பிடறார். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஆபீசர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உண்மையா?"

"உண்மைதான் சார்." கண்டிஷனில் சோற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. சொல்வதில் எனக்கென்ன பயம்?

"உறவு இல்லேங்கீரு. வாராவாரம் சாப்பாடு. அப்ப அவங்க உமக்கு யாரு?"

இதற்கு என்ன சொல்வது? யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் ஆட்கள் என்று சொன்னால் அவன் டெண்டர் போயிற்று. ஏழுமலை முந்திக்கொண்டான்.

"மெஸ்ஸு மாதிரி சார். துட்டு வாங்கிக்கினுதான் சோறு போடறோம். என் பொஞ்சாதி நாலு பேருக்குச் சோறாக்கிப் போடுது, அதுல இவரும் ஒருத்தரு. வேற இன்னா கீது?"

ஒரு காலணாகூட அவன் வாங்கியதில்லை. ஆபீசர் என்னிடம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

"காசு குடுத்துச் சாப்பிடறது உறவுல சேராது" என்று சொல்லி, ஏழுமலையின் கவரை மற்ற கவர்களோடு சேர்த்து வைத்தார். ஆர்டர் அவனுக்கே வந்தது. அனுப்பிய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான். அவன் செய்த டிரம்மில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

4

அடுத்த ஞாயிறு போனேன். சாப்பிட்டுக் கை கழுவியதும், ஆபீசில் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதே என்று சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேண்டாம் என்பான், திட்டுவான், என் பையிலேயே திணிப்பான் என்றுதான் வைத்தேன். இதை ஒளிக்க என்ன இருக்கிறது?

கன்னியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா அண்ணாத்தே இது, துட்டு எதுக்கு?" என்று புருஷனைப் பார்த்தாள்.

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. "வாங்கி வையி. அந்த ஏஜென்டு நாளைக்கு உன்னாண்ட வந்து கேட்டா இன்னா சொல்லுவே? வருஷா வருஷம் டெண்டர் கீது" என்றான்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் சில்லறையைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பஸ் ஏறாமல் அறைவரைக்கும் நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது.

அப்புறமும் பல வருஷம் போனேன். யார்மேலும் கோபமில்லை. பிள்ளைகள் அதே மாதிரி ஓடிவந்தன, குழம்பும் அதே குழம்புதான். ஆனால் முன்பெல்லாம் கன்னியம்மா கேட்காமல் தட்டில் கொட்டுவாள். நான் கையை நீட்டி மறைத்தாலும் விடமாட்டாள். காசு வாங்க ஆரம்பித்த பிறகு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "போதுமா அண்ணாத்தே?" என்று கேட்பாள். போதும் என்பேன்.

டெண்டர் செக்‌ஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யார் வீட்டிலாவது சாப்பிடுவதாக இருந்தால் முதல் நாளே காசு கொடுத்துவிடுங்கள். பாதியில் கொடுக்க ஆரம்பித்தால் தாங்க முடியாது.