சுண்ணாம்பு படாத துளைகள்

"மாஸ்டர், வாப்பா மௌத்தாகிட்டாரு." இஸ்மாயில் நானாவின் மகள் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். பாலையூற்றிலிருந்து கிடைத்த பஸ்ஸில் மூதூருக்கு ஓடினேன். அடக்கத்துக்கு வந்து மையவாடி வாசலில் நின்றபோது துக்கத்தைவிட வெட்கம்தான் கூடுதலாக இருந்தது. இரண்டு வருடமாக நான் அவருடன் கதைக்கவில்லை.

நானா கல்லுடைப்பவர். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், சுத்தியலை இடக்கையில்தான் பிடிப்பார். நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். மூதூருக்கு வெளியே உள்ள பாறையில் வரிசையாகத் துளைகளைக் கண்டு, பெருங்கற்காலத்தவர் தங்கள் புதைகுழிகளை மூடக் கல் பெயர்த்த இடம் இது என்று பத்திரிகையில் எழுதினேன். படித்தவர்கள் சிலர் ஓம் என்றார்கள், சிலர் மறுத்தார்கள். வாசிகசாலைக் கூட்டத்தில் நான் படம் காட்டி விளக்கியபோது, பின்வரிசைக் கதிரையிலிருந்து நானா எழும்பினார்.

"குறை நினைக்காதீங்க மாஸ்டர். அது கல்லுப் பிளக்க ஆப்பு இறக்குறதுக்கு நான் போட்ட துளை. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க. இடக்கையால அடிச்சா அப்படித்தான் சாயும்."

சபை சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் ஒரு சட்டி தயிரோடு என் வீட்டுக்கு வந்தார். "எல்லாம் என்ட இல்ல மாஸ்டர். மேற்குப் பக்கம் கொஞ்சம் கிடக்கு. அது இந்தக் காலத்து உளி பட்ட துளை மாதிரித் தெரியல்ல. வாங்க, காட்டுறன்."

"எனக்கு ஏலாது" என்றேன். இருக்கச் சொல்லக்கூட இல்லை. "கல்லுக்கிட்டக் கோவிச்சா கைதான் போகும்" என்று சொல்லிவிட்டு, சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு அற்பமாக நடந்துகொண்டேன்!

அடக்கம் முடிந்து நானாவின் வீட்டுக்குப் போனபோது மகள் சொன்னார்: "நடக்க ஏலாத நேரத்திலயும் வாப்பா சுண்ணாம்பு வாளியோட அந்தப் பாறைக்குப் போனாரு. மாஸ்டர் ஒரு நாளைக்கு வருவாரு, அவருக்குக் குழம்பக்கூடாது எண்டாரு."

அன்று பின்னேரமே போனேன். தான் போட்ட ஒவ்வொரு துளைக்கும் நானா வெள்ளை பூசியிருந்தார். மேற்குப் பக்கம் ஐந்து துளைகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. ஆழமில்லாதவை, விளிம்பு மழுங்கியவை, எந்தப் பக்கமும் சாயாதவை. யார் போட்டவை என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அவசரப்பட்டு எழுதப்போவதில்லை.

வாளியையும் தூரிகையையும் மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். மாரி மழைக்குச் சுண்ணாம்பு நிற்காது. நானாவின் துளைகளுக்கு வருடா வருடம் வெள்ளை பூசுவது இனி என் வேலை.