கடல் தாண்டாத ஆட்டிறைச்சிப் பிரட்டல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய சூட்கேஸ் அவருக்குச் சொந்தமில்லை. விசா வந்த சங்கதி லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் பார்சல்கள் வரத் தொடங்கிவிடும். மிளகாய்த்தூள், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், பருத்தித்துறை வடை, யாரோ ஒருவர் இங்கே மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி. இந்தக் கூலிவேலையை நான் அடியோடு வெறுப்பவன். எங்கள் ஃபிளாட்ஸில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் கொண்டுவருவார்கள்.

அந்த முறை மெல்பேர்ணில் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். நான் போகாவிட்டால் தாலி கட்டாமல் விடப்போவதில்லை; ஆனால் தங்கை சாகும்வரை சொல்லிக்காட்டுவாள்.

புறப்படுவதற்குச் சில நாள் இருக்கும்போது மேல்மாடி அக்கா வந்தார். அக்கா என்று கூப்பிடுகிறேனே தவிர உறவு ஒன்றும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், பல வருடங்களுக்கு முன் படகேறி ஆஸ்திரேலியா போனவன்; இப்போது மெல்பேர்ணில் இருக்கிறான். அவனுக்கு இன்னும் தற்காலிக விசாதான். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. அக்கா அங்கே போய்ப் பார்க்கலாம் என்று விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அதனால் தாயும் மகனும் சந்திப்பது போனில். அதைவிட்டால் இப்படிப் போகிறவர்களுடைய சூட்கேஸில்.

கொண்டுவந்தது ஆட்டிறைச்சிப் பிரட்டல். தேங்காய்ப்பால் விடாமல், தண்ணீர் முழுக்க வற்றும்வரை பிரட்டி, பிரீசரில் வைத்துக் கல்லாக்கி, பேப்பரால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் பழைய துவாய், கடைசியில் மண்ணிற டேப். டேப்பின்மேல் பெரிய எழுத்தில் ‘உடுப்பு’ என்று எழுதியிருந்தார்.

“அக்கா, இதைக் கொண்டுபோக ஏலாது.”

“ஏன் தம்பி, பாரமோ? ஒரு கிலோதான்.”

“பாரமில்லை. இறைச்சி விடமாட்டினம். கோமாரி வருத்தத்துக்குப் பயம்.”

“என்ர இறைச்சியில என்ன வருத்தம்? சந்தை இறைச்சிக்கடை நானா எனக்கெண்டு பாத்து வெட்டித் தந்தவர். அவ்வளவு நேரம் அடுப்பில கிடந்தது. எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?”

அதற்கு நான் வாசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். கோமாரி நம் நாட்டு ஆடுமாடுகளில் இருக்கிறது, அவர்கள் நாட்டில் இல்லை. அதனால் பச்சையோ சமைத்ததோ, வீட்டு இறைச்சி உள்ளே போகாது. ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம். விசாவையே ரத்துச்செய்து அங்கிருந்தபடியே திருப்பி அனுப்பவும் அவர்களால் முடியும்.

“போன முறை கீழ்மாடி டொக்டரின்ர மனுசி கொண்டு போனவதானே. அவவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே.”

“அது அவவின்ர அதிர்ஷ்டம் அக்கா.”

“உங்கட பிரீசரில வைச்சிட்டுப் போறன். யோசியுங்கோ.” மனைவியைக்கூடக் கேட்காமல் தானே பிரிட்ஜைத் திறந்து, எங்கள் மீனைத் தள்ளி வைத்துவிட்டு, பார்சலுக்கு இடம் பிடித்தார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மகன் சொன்னால் கேட்பார் என்று நினைத்து அவனுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, பதறிப்போனான்.

“அங்கிள், கும்பிட்டுக் கேக்கிறன், கொண்டுவராதேங்கோ.”

“அதை நீ அம்மாட்டச் சொல்லு.”

“சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன். கூச்சத்தில சொல்லுறன் எண்டு நினைக்கிறா.” குரலைத் தணித்தான். “நான் சுப்பர்மாக்கெட்டில வேலை எண்டுதான் அம்மாவுக்குத் தெரியும். நான் நிக்கிறது ஆடு வெட்டுற ஃபக்டரியில, அங்கிள்.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்களாம், வெளியிலிருந்து வந்த ஒரு துண்டு இறைச்சி போதும் என்று. கோமாரி வந்தால் பட்டி பட்டியாக ஆடுகளைக் கொன்று புதைக்க வேண்டும், ஃபக்டரியை மூட வேண்டும். அவனுடைய விசா வழக்கு அந்த வேலையை நம்பித்தான் நிற்கிறது. அவனுடைய அறையில் அப்படி ஒரு பார்சல் இருப்பது யாருக்காவது தெரிந்தாலே போதும்.

“அப்ப முந்தி வந்ததை என்ன செய்தனி?”

“எரிச்சனான். எரியேக்க அம்மாவின்ர கறி மணந்தது. நல்லா அழுதனான்.” மூக்கை உறிஞ்சினான். “எனக்கு இப்ப இறைச்சி இறங்கிறதில்லை அங்கிள். நாள் முழுக்க அதுக்குள்ள நிண்டுபோட்டு எப்பிடிச் சாப்பிடுறது? விட்டுக் கனகாலம். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

அக்காவுடையது கோயில் குடும்பம். எங்கள் ஆட்களுக்கு இறைச்சி தின்பதில் பிரச்சினை இல்லை. வெட்டுகிற கைதான் பிரச்சினை. கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்பார்கள். இவன் தின்பதுமில்லை. அந்தப் பாவம் எதில் கழியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பார்சலைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

“பயந்தாங்கொள்ளி” என்றார் அக்கா. அவருடைய வயதுக்கு அவர் சொல்லலாம்.

“ஓம் அக்கா, பயம்தான்” என்றேன். வேறு காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பார்சலை வாங்கிக் குசினி மேசையில் வைத்தார். பிறகு கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தார். “அப்ப இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. அவனுக்கெண்டு சமைச்சது குப்பைக்குப் போகப்படாது.”

கல்லாக இருந்தது சட்டியில் இளகி மணக்கத் தொடங்கியது. சோறும் கறியுமாக ஒரு சாப்பாட்டுக் கோப்பைதான் வந்தது.

“நீங்கள் சாப்பிடேல்லையோ அக்கா?”

“நான் மச்சம் மாமிசம் எல்லாம் விட்டுட்டன் தம்பி. அவனுக்கு நிரந்தர விசா கிடைக்குமட்டும் தொடமாட்டன் எண்டு முருகனுக்கு நேர்ந்தனான். உப்புக்கூடப் பாக்கிறேல்லை. கைக்கணக்கில போடுறதுதான்.”

நான் முதல் வாயை வைப்பதற்குள் மகனுக்கு வீடியோ கோல் எடுத்துவிட்டார். போனைத் திருப்பி என் கோப்பையைக் காட்டினார். “பார், உனக்கு வைச்சதை இவர் சாப்பிடுறார். நீ என்ன சாப்பிட்டனி?”

“சோறும் பருப்பும்.”

“ஏன் பிள்ளை, அங்க நல்ல இறைச்சி இருக்குமே. ஒரு துண்டு வாங்கிக் காய்ச்சக் கூடாதோ?”

திரையில் அவன் என்னைப் பார்த்தான். நான் சோற்றைப் பார்த்தேன்.

“இண்டைக்கு விரதம் அம்மா” என்றான்.

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. “கேட்டீங்களோ தம்பி? அங்க போயும் என்ர பிள்ளை விரதத்தை விடேல்லை.”

எனக்கு அழவேண்டும்போல இருந்தது, அதனால் கோபம் வந்தது. கறியோ அருமையான கறி. உப்பு, உறைப்பு ஒன்றிலும் பிழை சொல்ல முடியாது. தாயும் தொடுவதில்லை, மகனும் தொடுவதில்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான், தின்றுகொண்டிருந்தவனும் நான்தான். அக்கா கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.