பாஸுவின் பாட்டுக்கு இத்தோ சொன்ன பதில்

இத்தோ என் சித்தப்பா ஹம்முவின் மூத்த மகள். அவளுக்கு அடுத்தவள் தூதா. தூதாவுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து நாற்பதாம் நாளே போய்விட்டான். எனக்கு இத்தோ தங்கச்சி முறை என்றாலும் அவளிடம் நான் வாய் கொடுத்ததில்லை. புருசன் செத்த பிறகு முப்பது ஆட்டை மலையில் ஒண்டியாக மேய்த்தவள். அவள் நாக்குக்கு நாய்கூட ஒதுங்கிப் போகும்.

தூதாவைப் பாஸுவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பாஸு எங்கள் பாட்டுக் குழுவுக்குத் தலைவன். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டுவோம். கையில் பெந்தீர்ப் பறை. தலைவன் அடி எடுத்துக் கொடுப்பான், வரிசை அதைத் தூக்கிப் பாடும். ஏழு வருசமாகப் பிள்ளை இல்லை என்று தூதாவைத் தள்ளிவைத்தான் பாஸு. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன் அதைப் பாட்டாகக் கட்டினான்.

“ஏழு வருசம் தண்ணி ஊத்தினேன் காய்க்காத அத்தி மரத்துக்கு,
எட்டாம் வருசம் கோடாலி எடுத்தேன், குத்தம் யார் மேல சொல்லுங்க.”

பாட்டு நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் கேடு. கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பாடவைத்தார்கள். ஊற்றுக்குப் போகும் தூதாவைச் சின்னப் பிள்ளைகள் ‘அத்தி’ என்று கூப்பிட்டன. அவள் சந்தைக்குப் போவதையே விட்டாள்.

இதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பறை அடித்து வரிசை நிற்கும்போது, பாடினவன் முகத்துக்கு நேராக வரிசைக்குள் புகுந்து பதில் பாட வேண்டும். வரிசை அந்தப் பதிலைத் தூக்கிவிட்டால் முதல் பாட்டு செத்தது. பிறகு அதை யாரும் எடுக்கக்கூடாது. தூக்காவிட்டால் பதில் சொன்ன ஆளுக்குத்தான் மானம் போகும். பாஸு விவரமானவன். இத்தோ இருக்கிற இடத்தில் அந்தப் பாட்டை எடுக்கவே மாட்டான். பதினோரு வருசம் இப்படியே ஓடியது.

அந்தக் கோடையில் எல் ஜதீதா பட்டணத்தில், கடற்கரை மைதானத்தில் நடந்த இசை விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வானொலியில் நேராகப் போடுவார்களாம். அத்திப் பாட்டைத்தான் பாடப்போகிறேன் என்று பாஸு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வானொலியில் ஏறிவிட்டால் தூதா செத்த பிறகும் அது நிற்கும். இத்தோ ரெண்டு ஆட்டை விற்றாள். பங்கு டாக்சியில் ஏறி வந்து, எங்களை இறக்கியிருந்த ஓட்டலிலேயே ஒரு அறை எடுத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவளைப் பார்த்ததும் பாஸு கரண்டியைக் கீழே வைத்தான்.

“என்ன மதினி, ஆட்டையெல்லாம் யாரை நம்பி விட்டுட்டு வந்தே?”

“ஓநாய் கடலைப் பாக்கக் கிளம்பிருச்சுன்னாங்க. அப்புறம் எனக்கு என்ன பயம்?”

மேசையில் ரெண்டு பேர் சூப்புக் கிண்ணத்துக்குள் சிரித்தார்கள். பாஸு சிரிக்கவில்லை.

“மைதானத்தைப் பாத்தியா? மேடை ஆள் உசரம். முன்னால இரும்பு வேலி, வேலிக்கு முன்னால போலீசு. நீ அந்தப் பக்கம் நின்னு கை தட்டிட்டுப் போ.”

இது இத்தோவுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கூட்டத்திலிருந்து எழுந்து யார் வேண்டுமானாலும் வரிசையில் தோளை நுழைக்கலாம். அன்று சாயங்காலமே நடந்து போய்ப் பார்த்தாள். வேலியருகே நின்ற காவலனிடம், “மேடைக்கு எந்தப் பக்கம் ஏறணும் தம்பி?” என்று கேட்டாள். கழுத்தில் அட்டை இல்லாதவர்கள் ஏற முடியாது என்றான் அவன். திரும்பி வந்தவள் என்னிடம், “ஸாயித் அண்ணே, வேலி போட்டுப் பாடுறவன்லாம் ஆம்பளையா?” என்று மட்டும் கேட்டாள். நான் அவன் குழுவில் சோறு தின்கிறவன்.

மறுநாள் காலை கடல் பனி இறங்கி எங்கள் பறைத் தோலெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அடித்தால் ஈரச் சாக்கை அடித்த மாதிரி சத்தம். பறை காய்ச்ச நெருப்பு வேண்டும் என்றோம். ஓட்டல் மேலாளர், “இது ஓட்டல், உங்க தொழுவம் இல்ல” என்றார். அவர் உள்ளே போனதும் கொல்லைப்புறத்தில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், அட்டைப் பெட்டிகளைக் கிழித்துப் பற்றவைத்தோம். தோல் விறைத்தது. சத்தம் பார்க்க வரிசை கட்டினோம்.

சமையல்கட்டு வாசலில் இத்தோ மேசை போட்டு, டீயோடு தேன் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பாஸு அவளைப் பார்த்தான். வேலிக்கு வெளியே நிற்கப்போகிறவள்தானே என்ற தைரியம். அவளைச் சீண்டவேண்டும் என்றே தொண்டையைத் திறந்து அத்திப் பாட்டை எடுத்தான். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

பறை அடித்து நிற்கும் வரிசை எங்கே நின்றாலும் வரிசைதான். மேடை, வேலி என்றே நினைத்திருந்தவன் இதை மறந்தான்.

இத்தோ விரலை நக்கித் துடைத்துவிட்டு எழுந்தாள். எனக்கும் பாஸுவின் ரெண்டாம் பெண்டாட்டி யாம்னாவுக்கும் நடுவில் தோளை நுழைத்தாள். யாம்னா வந்து பத்து வருசம். அவளுக்கும் பிள்ளை இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயில் எடுப்பதில்லை.

“முதல் மரத்தை வெட்டிப் போட்டே, ரெண்டாம் மரத்தை நட்டுப் பாத்தே,
அதுவும் பூக்கலையே தோட்டக்காரா, குத்தம் மரத்திலயா, உன் கையிலயா?”

பறை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பாஸு பல்லைக் காட்டினான்.

“பாத்தியா மதினி, தூக்க ஆளில்ல. போய் டீயைக் குடி, ஆறிடும்.”

அப்போது யாம்னா பாடினாள். நூல் மாதிரிக் குரல். ‘அதுவும் பூக்கலையே தோட்டக்காரா’ என்றாள். மறுபடியும் என்றாள்.

“வாயை மூடுடி,” என்றான் பாஸு.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் தடவை பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள், அதன் பிறகு நாங்களும். விரிப்பெல்லாம் புகை நாறுகிறது என்று கத்திக்கொண்டே மேலாளர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து நெருப்பில் கொட்டினார். நாங்கள் நிறுத்தவில்லை.

மாலையில் மேடை ஏறினோம். வேலிக்கு அந்தப் பக்கம் முதல் ஆளாக இத்தோ நின்றாள். பாஸு மைக் முன்னால் வாயைத் திறந்தான், பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான், பனி விழுகிறது குதிரை நடக்கிறது என்று எதையோ பாடினான். வானொலியில் போனது அதுதான்.

ஊர் திரும்பும் வண்டியில் இத்தோவை ஏற்ற முடியாது என்று பாஸு சொல்லிவிட்டான். அவள் ஓட்டல் வாசலில் டாக்சிக்கு நின்றாள். யாம்னா இறங்கிப் போய் அவள் எதிரில் நின்றாள்.

“நீ எனக்காகப் பாடல. என்னையும் மரம்னுதான் சொன்னே.”

“ஆமா,” என்றாள் இத்தோ.

“இனி வீட்டுல எனக்கு என்ன நடக்கும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் பாடியிருக்கே. நானும் தெரிஞ்சேதான் தூக்கினேன். அதனால எனக்கு நீ நன்றி சொல்ல வேண்டாம், என் முகத்துல முழிக்கவும் வேண்டாம்.”

இருவரும் அதற்குப் பிறகு சலாம் சொல்லிக்கொண்டதில்லை. அத்திப் பாட்டையும் யாரும் பாடியதில்லை. தூதா புதன்கிழமைதோறும் சந்தைக்குப் போகிறாள்.